காரைப் பூட்டினால் சத்தம் வரவில்லை, உதவி தேவை

தென்றல்_09
வணக்கம் நண்பர்களே. மூன்று நாளாகக் காரைப் பூட்டும்போது சத்தமே வருவதில்லை. முன்பு பொத்தானை அமுக்கினால் 'பீப்' என்று ஒருமுறை கேட்கும், நானும் நிம்மதியாகப் போய்விடுவேன். இப்போது பூட்டியதா இல்லையா என்ற சந்தேகத்திலேயே பாதி தூரம் போய்த் திரும்பி வருகிறேன். நேற்று இரவு இரண்டு முறை மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தேன். எதை மாற்றினால் சரியாகும்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

நெடும்பயணி
எந்த வருட வண்டி? கதவு பூட்டிக்கொண்டு சத்தம் மட்டும் வரவில்லையா, இல்லை கதவே பூட்டவில்லையா? நான்கு மூலை விளக்கும் மின்னுகிறதா? அலாரம் வண்டியோடு வந்ததா, பிறகு தனியாக வாங்கிப் போட்டதா? இவை தெரிந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

மஞ்சள்விளக்கு
ரிமோட் பேட்டரிதான், சந்தேகமே வேண்டாம். வட்டமாக, பெரும்பாலும் சிஆர் 2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். என் ரிமோட் பத்தடி தள்ளி நின்றாலே வேலை செய்யாமல் இருந்தது. பேட்டரி மாற்றியதும் தெருமுனையிலிருந்தே பூட்டியது.

மின்சுற்று
எத்தனை முறை எழுதினாலும் ரிமோட் பேட்டரி என்றுதான் முதல் பதில் வருகிறது. ரிமோட் அனுப்புவது 'பூட்டு' என்ற கட்டளை மட்டும். கதவைப் பூட்டுவது, விளக்கை மின்ன வைப்பது, ஒலி எழுப்பலாமா கூடாதா என்று முடிவு செய்வது எல்லாம் வண்டிக்குள் இருக்கும் பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற சின்னக் கணினிப் பெட்டி. கதவு பூட்டுகிறது என்றால் கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டது, ரிமோட்டின் வேலை அதோடு முடிந்தது. அடிப்படை தெரிந்துகொண்டு பதில் எழுதினால் கேட்பவருக்குச் செலவு மிச்சம்.

மஞ்சள்விளக்கு
கதவு பூட்டுகிறது என்று அவர் எங்கே எழுதியிருக்கிறார்? மேலே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

தென்றல்_09
மன்னிக்கவும், அது சொல்லாமலே புரியும் என்று விட்டுவிட்டேன். நான்கு கதவும் பூட்டுகின்றன. 2016 மாடல், அலாரம் வண்டியோடு வந்தது. ஸ்டியரிங்கில் ஹாரன் நன்றாக அடிக்கிறது. ரிமோட் பேட்டரி நேற்றே மாற்றிவிட்டேன், பலன் இல்லை. விளக்கு மின்னுகிறதா என்று கவனிக்கவில்லை.

கடலோரம்
ஹாரன் அடிப்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. பூட்டும் சத்தம் சில வண்டிகளில் அதே ஹாரனிலிருந்து வரும். சிலவற்றில் பானட்டுக்குள் தனியாக ஒரு சைரன் அல்லது பஸ்ஸர் இருக்கும். உங்கள் பழைய 'பீப்' ஹாரன் குரலிலேயே குட்டையாக இருந்ததா, இல்லை மெல்லிய கீச்சுக் குரலா? ஹாரன் குரல் என்றால் ஹாரனும் அதன் ஃபியூஸும் நல்ல நிலையில் இருக்கின்றன, வேறு இடம் தேட வேண்டும். கீச்சுக் குரல் என்றால் என் சந்தேகம் சைரன் மேல். சில சைரன்களுக்குள்ளேயே சின்ன பேட்டரி ஒன்று இருக்கும், திருடன் வண்டி பேட்டரியின் வயரைக் கழற்றினாலும் அலறுவதற்காக. வருடம் ஆக ஆக அது கசிந்து உள்ளே இருக்கும் போர்டை அரித்துவிடும். ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன், உள்ளே பச்சைப் பொடியாகப் பூத்திருந்தது.

இரட்டைவால்
செட்டிங்கை யாரும் சொல்லவில்லையே. பல வண்டிகளில் இந்த ஒலியை நாமே நிறுத்தலாம், குறைக்கலாம். சிலவற்றில் திரையில் மெனு இருக்கும். சிலவற்றில் பூட்டு, திற இரண்டு பொத்தானையும் சேர்த்துச் சில விநாடி அமுக்கிப் பிடித்தால் ஒலி அணைந்துவிடும், மறுபடி பிடித்தால் வரும். பையில் மற்ற சாவியோடு கிடக்கும்போது தானாக அமுங்கியிருக்கலாம். உங்கள் வண்டிக்கு எந்த முறை என்பதைக் கையேட்டில் பாருங்கள். இன்னொன்று, சில வண்டிகளில் ஒருமுறை அமுக்கினால் பூட்டும், உடனே இரண்டாம் முறை அமுக்கினால்தான் ஒலிக்கும்.

தென்றல்_09
கீச்சுக் குரல்தான். மெனுவில் 'ஒலி' போட்டபடியே இருக்கிறது. இரண்டு பொத்தானையும் பிடித்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை. விளக்கையும் இன்று பார்த்தேன். பூட்டும்போது மின்னவில்லை, திறக்கும்போது மின்னுகிறது. இது முக்கியமா தெரியவில்லை.

நெடும்பயணி
மிக முக்கியம்! சைரன் மட்டும் செத்திருந்தால் விளக்கு வழக்கம்போல மின்னியிருக்கும். பூட்டும்போது ஒலியும் இல்லை, விளக்கும் இல்லை என்றால், ஏதோ ஒன்று திறந்திருப்பதாக வண்டி நினைக்கிறது. கதவைப் பூட்டும், ஆனால் 'எல்லாம் பத்திரம்' என்று சொல்லாது. கதவு, டிக்கி, பானட் மூன்றிலும் சுவிட்ச் இருக்கிறது. பூட்டிவிட்டுக் கண்ணாடி வழியாக உள்ளே பாருங்கள், கூரை விளக்கு அணையாமல் இருந்தால் கதவோ டிக்கியோ. இன்னொரு கேள்வி, இந்தச் சத்தம் நிற்பதற்கு முன்னால் வண்டியில் என்ன செய்தீர்கள்? ஏதாவது வேலை, கழுவியது, பேட்டரி மாற்றியது?

தென்றல்_09
ஒன்றும் செய்யவில்லை. கண்ணாடி துடைக்கும் தண்ணீர் தீர்ந்துவிட்டது, அதை ஊற்றினேன். அவ்வளவுதான்.

நெடும்பயணி
பானட்டைத் திறந்திருக்கிறீர்கள் அல்லவா? அங்கேதான் பாருங்கள். பானட் கொக்கிப் பக்கத்தில் இரண்டு வயர் போகும் சின்ன சுவிட்ச் இருக்கும், சில வண்டிகளில் கொக்கியோடு சேர்ந்தே இருக்கும். எஞ்சின் ஓடாத நேரத்தில் பாருங்கள், ரேடியேட்டர் விசிறி பக்கத்தில் கை போகும்.

மின்சுற்று
பானட் திறந்திருந்தால் மீட்டரில் படம் வந்திருக்கும். வரவில்லை என்றால் பானட் இல்லை. இதில் யோசிக்க எதுவும் இல்லை.

கடலோரம்
அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லா வண்டியிலும் பானட்டுக்கு மீட்டரில் படம் கிடையாது. அலாரத்துக்காக மட்டும் சுவிட்ச் வைத்த வண்டிகள் இருக்கின்றன. சைரன் என்று நான் சொன்னது தவறு, விளக்கு விஷயம் வந்த பிறகு நெடும்பயணி சொல்வதுதான் சரியாகப் படுகிறது.

ஆணிவேர்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்தச் சத்தம் அவசியம்தானா? என் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. நள்ளிரவில் வந்து பூட்டுபவர்கள் சந்தேகத்துக்கு இரண்டு மூன்று முறை அமுக்குகிறார்கள், ஒவ்வொரு முறையும் குழந்தை எழுந்து அழுகிறது. பூட்டிவிட்டுக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தால் போதாதா?

இரட்டைவால்
உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் ரிமோட் அலைவரிசையை ஜாமர் வைத்து அடைத்துவிடும் திருடர்கள் இருக்கிறார்கள். நாம் நடந்துகொண்டே பொத்தானை அமுக்குவோம், கட்டளை வண்டிக்குப் போய்ச் சேராது, கதவு திறந்தே கிடக்கும். ஒலி கேட்கவில்லையே என்று திரும்பிப் பார்ப்பவர்தான் தப்பிக்கிறார். நான் என் அம்மாவுக்கு இதை வற்புறுத்திச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஆணிவேர்
அதற்கு விளக்கு மின்னுவதைப் பார்த்தாலே போதுமே. கண் இருக்கும்போது தெருவையே எழுப்ப வேண்டுமா?

மஞ்சள்விளக்கு
எல்லோருக்கும் கண் ஒரே மாதிரி இல்லை. என் அப்பாவுக்கு நல்ல வெயிலில் விளக்கு மின்னுவது தெரியாது, அவருக்குச் சத்தம்தான் வழி. அப்புறம் கைப்பிடி யோசனை, சாவியை வெளியே எடுக்காமலே திறக்கும் 'கீலெஸ்' வண்டியில் பலிக்காது. சாவி பையில் இருக்கும்போது கைப்பிடியைத் தொட்டால் பூட்டு திறந்துகொள்ளும்.

மின்சுற்று
எல்லா வண்டியிலும் அல்ல. பூட்டியவுடன் சில விநாடிகளுக்கு மட்டும் தொட்டாலும் திறக்காத வண்டிகள் உண்டு, இழுத்துச் சரிபார்ப்பதற்காகவே அந்த இடைவெளி. கையேட்டில் இருக்கும், படிக்க வேண்டும்.

ஆணிவேர்
சரி, அது எனக்குத் தெரியாது. ஒலியைக் குறைக்கும் வசதி இருந்தால் இரவிலாவது குறையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நெடும்பயணி
தென்றல், பானட் பார்த்தீர்களா?

நெடும்பயணி (ஐந்து நாள் கழித்து)
பார்த்தீர்களா? சுவிட்ச் பிரச்சினை என்றால் அலாரம் அரைகுறையாகத்தான் இருக்கும், அதனால் கேட்கிறேன்.

தென்றல்_09 (இரண்டு வாரம் கழித்து)
ஊருக்குப் போயிருந்தேன், மன்னிக்கவும். பானட்தான். கொக்கி முழுதாக விழாமல் முதல் படியிலேயே நின்றிருந்தது. கொஞ்சம் உயரத்திலிருந்து விட்டு மூடினேன், சத்தமும் விளக்கும் வந்துவிட்டன. எல்லோருக்கும் நன்றி.

நெடும்பயணி
நல்லது. ஆனால் முதல் படியில் நின்ற பானட்டோடு ஓட்டியிருக்கிறீர்கள், நினைக்கவே பதறுகிறது. வேகத்தில் காற்று தூக்கியிருந்தால் முன்கண்ணாடி மேல் வந்து மோதியிருக்கும். கொக்கியில் அழுக்கைத் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள், மறுபடி பாதியில் நிற்காது. மூடிய பிறகு பானட்டின் விளிம்பைக் கையால் தூக்கிப் பாருங்கள், அசையக் கூடாது.

கடலோரம்
இன்னொரு சோதனையும் செய்யுங்கள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கி, ரிமோட்டில் பூட்டி, ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு கையை விட்டு பானட் லிவரை இழுத்து, முன்னால் போய் பானட்டைத் தூக்குங்கள். அலாரம் அலற வேண்டும். கை உள்ளே போகும்போதே அலறினால் உள்ளே அசைவு சென்சார் இருக்கிறது என்று அர்த்தம், அதுவும் நல்லதுதான். பகலில் செய்யுங்கள், ஆணிவேர் வீட்டுக் குழந்தை மாதிரி பக்கத்தில் யாராவது தூங்குவார்கள்.