950 பெரிதா, 920 பெரிதா: பின்சீட்டுச் சண்டை

#1 அளவுநாடா

நேற்று வேறொரு இழையில் நண்பர் எண்ணேசாட்சி ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார்: "முதல் காரில் பின்சீட்டு லெக்ரூம் 950 மி.மீ., இரண்டாவதில் 920. ஆகவே முதல் கார்தான் சொகுசு. விவாதம் முடிந்தது." இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தீர்களா என்று ஒருவர் கேட்டார். அதற்கு வந்த பதில்: "நிறுவனம் தரும் அளவு அட்டவணை பொய் சொல்லாது."

அட்டவணை பொய் சொல்லவில்லை, இவருக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. அந்த 950 என்பது முன்சீட்டு முதுகுக்கும் உங்கள் சீட்டுக்கும் நடுவே டேப் பிடித்து அளந்த தூரம் இல்லை. வாகனப் பொறியாளர்களின் எஸ்.ஏ.இ. அமைப்பு கார் அளவுகளுக்கென வைத்திருக்கும் ஜே1100 விதிப்படி ஒரு அளவுப் பொம்மையை உட்கார வைப்பார்கள். அதன் கணுக்கால் மூட்டிலிருந்து இடுப்பு மூட்டு வரை நேர்கோடு. வந்த எண்ணோடு 254 மி.மீ. கூட்டிக்கொள்வார்கள். ஆமாம், கூட்டிக்கொள்வார்கள். இந்த 254-ஐப் பற்றி ஒரு வார்த்தை தெரியாமல் "விவாதம் முடிந்தது" என்று எழுத ஒரு தைரியம் வேண்டும்.

#2 எண்ணேசாட்சி

என் பெயரைச் சொல்லித் தனி இழையே தொடங்கியதற்கு நன்றி. 950-இல் 254 போனால் 696. 920-இல் 254 போனால் 666. வித்தியாசம் அதே 30. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், ஜே1100 தேவையில்லை.

விவாதம் இப்போதும் முடிந்துதான் இருக்கிறது.

#3 சும்மாவந்தவன்

பாய் விரித்தாயிற்று. கால் நீட்ட இடம் தாராளமாக இருக்கிறது. தொடருங்கள்.

#4 அளவுநாடா

30 மாறாது என்று கண்டுபிடித்த மேதைக்கு வணக்கம். 254 இரண்டுக்கும் பொது என்பது எனக்கும் தெரியும். நான் கேட்பது வேறு. 254 கூட்டிய எண்ணை "முழங்காலுக்கு முன்னால் இருக்கும் இடம்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா இல்லையா? ஆமாம், நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். போன வாரம் "950 இருந்தால் கால் மேல் கால் போட்டு உட்காரலாம்" என்று எழுதியது நீங்கள்தான்.

அந்தக் கோடு முழங்கால் வழியாகப் போகவே இல்லை. இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு நேராகப் போகிறது. சீட்டை உயர்த்தி, நாற்காலியில் உட்கார்வதுபோலப் பாதத்தைக் கீழே ஊன்ற வைத்தாலும் 696 வரலாம். சீட்டைத் தரையோடு தாழ்த்தி, காலை முன்னே நீட்ட வைத்தாலும் அதே 696 வரலாம். எண் ஒன்றுதான், ஆனால் இரண்டு காரிலும் உட்காரும் விதம் வேறு.

இன்னொன்று. முன்சீட்டு தண்டவாளத்தில் பின்னே நகரும் தூரத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் முன்சீட்டு எண் இளைக்கும், பின்சீட்டு எண் கொழுக்கும். காரில் ஒரு மில்லிமீட்டர்கூட வளர்ந்திருக்காது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முன், பின் இரண்டையும் கூட்டிப் பார்ப்பார்கள். உங்கள் முதல் காரின் முன்சீட்டு எண் என்ன? எழுதுங்கள், பார்ப்போம்.

#5 நெட்டைக்கால்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் உயரம் 188 செ.மீ. அட்டவணை எனக்குப் பல தடவை துரோகம் செய்திருக்கிறது.

அண்மையில் ஒரு மின்சாரக் காரின் பின்சீட்டில் இரண்டு மணி நேரம் போனேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. முழங்காலுக்கு முன்னால் நல்ல இடம், ஒரு முழுக் கை போகும். ஆனால் பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் தரை மேலே வந்துவிட்டது. சீட்டை அந்த அளவுக்கு உயர்த்தவில்லை, உயர்த்தினால் தலை கூரையில் இடிக்கும். கால் ஊன்றியதும் முழங்கால் இடுப்பைவிட மேலே நின்றது. தொடை சீட்டிலேயே படவில்லை, அடியில் என் செல்போனைச் செருகிப் பார்த்தேன், தாராளமாகப் போனது. உடம்பின் மொத்தப் பாரமும் உட்காரும் எலும்பு இரண்டின் மேல். இருபது நிமிடத்தில் நெளிய ஆரம்பித்தேன். முன்சீட்டுக்கு அடியில் பாதத்தை நுழைத்துக் காலை நீட்டலாம் என்றால் அங்கே ஒரு கம்பியும் ஒரு பெட்டியும்.

எண் என்னவோ பிரமாதமான எண்தான்.

#6 எண்ணேசாட்சி

188 செ.மீ. ஆளுக்கு எந்தக் காரும் போதாது. அதற்குக் கார் என்ன செய்யும்? சராசரி ஆளைப் பற்றிப் பேசுகிறோம்.

அளவுநாடா கேட்ட முன்சீட்டு எண் என்னிடம் இருக்கிறது. தேவைப்பட்டால் எழுதுவேன்.

#7 அளவுநாடா

இருக்கிறது, ஆனால் எழுதமாட்டார். சரி.

சராசரி ஆளா? அந்தப் பொம்மைக்குச் சராசரிக் கால் பூட்டுவதில்லை ஐயா. எடை ஏறக்குறைய 76 கிலோ, நடுத்தர ஆணின் பாரம். கால் மட்டும், நூறு ஆண்களைக் குட்டைக் காலிலிருந்து நெட்டைக் கால் வரை வரிசையாக நிற்க வைத்தால் தொண்ணூற்றைந்தாவதாக நிற்பவரின் நீளம். நெட்டைக்கால் போன்றவரை மனத்தில் வைத்துத்தான் அந்த எண்ணையே எடுக்கிறார்கள். அந்த எண்ணைக் கட்டி அழுகிற நீங்களே அவரை "கணக்கில் வராதவர்" என்று தள்ளுகிறீர்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டால் இப்படித்தான்.

அப்புறம் 254 பற்றிப் பதில் இன்னும் வரவில்லை.

#8 பின்சீட்டுவாசி

இந்த 254-ஐ கொஞ்சம் ஓரமாக வைப்போமா? முதல் பதிவில் சொகுசு என்ற பேச்சும் இருந்தது என்று நினைவு.

கால் இடம் இருந்தால் சொகுசு என்று யார் சொன்னது? எங்கள் வீட்டில் ஒரு கார் வாங்கினோம். விற்பனைக் கூடத்தில் உட்கார்ந்தபோது பஞ்சு மெத்தை, எல்லாருக்கும் வாயெல்லாம் பல். ஆறு மணி நேரப் பயணத்தில் மூன்றாவது மணியிலேயே ஃபோம் அமுங்கி, அடியில் இருக்கும் தட்டு தெரிய ஆரம்பித்தது. அதற்கு முன்பிருந்த பழைய காரின் சீட் பலகை மாதிரி இருக்கும், முதல் ஐந்து நிமிடம் யாருக்கும் பிடிக்காது. இறங்கும்போது மட்டும் இடுப்பு இடுப்பாக இருக்கும்.

மெத்தென்ற ஃபோம் சீக்கிரம் தோற்றுப்போகும், கொஞ்சம் கெட்டியான ஃபோம் பாரத்தைப் பரப்பிக்கொடுக்கும். சீட்டு நீளம் குறைவாக இருந்தால் தொடைக்குத் தாங்கல் இருக்காது. சிறிய கார்களில் கால் இடம் நிறையத் தெரிய வேண்டும் என்று சீட்டையே குட்டையாக வெட்டிவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம். பிறகு குலுக்கல் இருக்கிறது. மேலும் கீழுமாக நொடிக்கு 4 முதல் 8 தடவை வரும் அதிர்வுதான் உட்கார்ந்திருக்கும் உடம்பை அதிகம் படுத்தும். சீட் அதை விழுங்குகிறதா, கூட்டிக்கொடுக்கிறதா? இதில் எதுவும் 950-இல் எழுதியிருக்காது.

#9 அளவுநாடா

பின்சீட்டுவாசி சொல்வது எல்லாம் சரி. ஆனால் 254-ஐ ஓரமாக வைக்க முடியாது. குழப்பத்தின் வேரே அதுதான். இடுப்பு மூட்டுக்குப் பின்னால் உடம்பு இருக்கிறது, கணுக்காலுக்கு அப்பால் பாதம் இருக்கிறது, அதற்காக ஒரு மாறாத எண்ணைச் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொண்டால் நியாயம்தான். அதை விளம்பரத்தில் "லெக்ரூம்" என்று கொட்டை எழுத்தில் போடும்போதுதான் நியாயம் போகிறது.

#10 செந்தமிழ்ச்சக்கரம்

"லெக்ரூம்" என்ற சொல்லைத் தவிர்க்கலாமே. "கால்வெளி" என்ற அழகான சொல் இருக்கிறது.

#11 சும்மாவந்தவன்

கால்வெளி என்றால் வயல்வெளி மாதிரி இருக்கிறது. காலை நட்டு நீர் பாய்ச்சுவதா?

#12 செந்தமிழ்ச்சக்கரம்

கிண்டல் செய்பவர்கள்தான் மொழியைக் கெடுக்கிறார்கள். "சீட்" என்று எழுதுவதும் தவறு, "இருக்கை". மேலே இத்தனை பதிவுகளில் ஒருவராவது இருக்கை என்று எழுதினீர்களா?

#13 மினிப்பித்தன்

எந்தச் சொல்லில் எழுதினாலும் இடத்தைக் கண்டுபிடித்தவர் அலெக் இசிகோனிஸ்தான். 1959-இல் அவர் வடிவமைப்பில் வந்த மினி காரைப் பாருங்கள். மொத்த நீளமே ஏறக்குறைய 3.05 மீட்டர். இன்ஜினைக் குறுக்கே திருப்பிப் போட்டார், கியர் பெட்டியை இன்ஜினுக்குக் கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் தள்ளினார், 10 அங்குலச் சக்கரத்தை நான்கு மூலைக்கும் ஓட்டினார். தரைப்பரப்பில் ஏறக்குறைய 80 விழுக்காடு ஆட்களுக்கும் சாமான்களுக்கும் கிடைத்தது. இன்று 4.5 மீட்டர் காரை வைத்துக்கொண்டு 30 மி.மீ.க்குச் சண்டை போடுகிறீர்கள்.

#14 அளவுநாடா

10 அங்குலம் என்றால் எத்தனை மி.மீ. தெரியுமா மினிப்பித்தன்? 254. அந்தச் சக்கரம்கூட என் பக்கம்தான் உருள்கிறது.

#15 எண்ணேசாட்சி

மினியின் பின்சீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர் யாராவது வந்து "சொகுசு" என்று சொல்லட்டும், நான் இந்தப் பக்கமே வருவதில்லை.

நான் ஓர் உதாரணம் தருகிறேன். 2001-இல் வந்த முதல் ஸ்கோடா சூப்பர்ப், அன்றைய ஃபோக்ஸ்வாகன் பஸ்ஸாட்டின் அடித்தளம்தான். அச்சுகளின் இடைவெளியை 2,703 மி.மீ.யிலிருந்து 2,803-க்கு நீட்டினார்கள். அந்த 100 மி.மீ. எதற்கு? பின்சீட்டுக்காரரின் காலுக்கு. சீனச் சந்தைக்கென்றே ஆடி ஏ6 போன்ற கார்களை நீட்டி விற்கிறார்களே, அது எதற்கு? எண் கூடினால் இடம் கூடும். இதைப் புரிந்துகொள்ளப் பொம்மை எதற்கு, 254 எதற்கு?

#16 அளவுநாடா

அது வீல்பேஸ். நாம் பேசுவது அட்டவணையில் இருக்கும் லெக்ரூம் கட்டம். வீல்பேஸைத் தரையில் நின்று டேப் வைத்து யார் வேண்டுமானாலும் அளக்கலாம், அதில் பொம்மையும் இல்லை, 254-உம் இல்லை. தோற்கிற நேரத்தில் எண்ணை மாற்றுவது இவருக்கு வழக்கம்.

போன மாதம் டயர் காற்றழுத்தத்திலும் இதையேதான் செய்தார். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் வரை காற்று அடிக்கச் சொன்னார். அது அந்த டயர் தாங்கும் உச்சம், உங்கள் காருக்கு உரிய அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் என்று நான் எழுதியதும், "நான் சக்கர அளவைச் சொன்னேன்" என்று திரும்பிவிட்டார். அங்கேயும் அச்சிட்ட எண்ணைப் பார்த்தார், அது என்ன எண் என்று பார்க்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய்.

#17 எண்ணேசாட்சி

டயர் பேச்சு இங்கே எதற்கு? அந்த இழையில் எனக்கு ஆதரவாகப் பதினோரு பேர் எழுதினார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் என்ன பேசுவது?

#18 சும்மாவந்தவன்

மூன்று கால் முயலுக்கு லெக்ரூம் எப்படி அளப்பது? ஜே1100-இல் வழி இருக்கிறதா?

#19 நெட்டைக்கால்

ஒரு எளிய வழி சொல்லட்டுமா? ஓட்டுநர் சீட்டை நான் ஓட்டும்போது எப்படி வைப்பேனோ அப்படி வைப்பேன், கிளட்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி. இறங்கி அதே சீட்டுக்குப் பின்னால் போய் உட்காருவேன். முழங்காலுக்கும் முன்சீட்டு முதுகுக்கும் நடுவில் நான்கு விரல் போகிறதா, பாதம் அடியில் நுழைகிறதா, தொடை சீட்டில் படிகிறதா? பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். விற்பனையாளர்கள் கடுப்பாவார்கள், அது வேறு விஷயம். அட்டவணையை நான் பிரிப்பதே இல்லை.

#20 அளவுநாடா

அட்டவணையையே தூக்கிப் போடுவதும் தப்பு. அதில் இருக்க வேண்டியது வேறு எண். முன்சீட்டு ஆளின் இடுப்பு மூட்டுக்கும் பின்சீட்டு ஆளின் இடுப்பு மூட்டுக்கும் கிடைமட்டமாக எவ்வளவு தூரம் என்று ஓர் அளவு உண்டு, அதே ஜே1100-இல்தான், எல்50. அதில் ஒட்டுப்போட்ட 254 கிடையாது. விளம்பரத் தாளில் அதைத் தேடிப் பாருங்கள், கண்ணில் படுவது அபூர்வம். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

#21 பின்சீட்டுவாசி

சரி, என் கேள்வி. அடுத்த மாதம் கார் மாற்றுகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, பின்சீட்டில்தான் உட்காருவார். கால் இடம் கூட, ஆனால் சீட்டு தாழ்வு என்று ஒன்று. கால் இடம் குறைவு, சீட்டு உயரம், இறங்குவது சுலபம் என்று இன்னொன்று. எதைப் பார்க்கலாம்?

#22 எண்ணேசாட்சி

இரண்டின் லெக்ரூம் எண்ணையும் போடுங்கள், சொல்கிறேன்.

#23 அளவுநாடா

பார்த்தீர்களா! இத்தனை எழுதிய பிறகும் கேட்கிறார். பின்சீட்டுவாசி, அவரிடம் எண்ணைக் கொடுக்காதீர்கள். எண்ணேசாட்சி, முதலில் 254 எங்கிருந்து வந்தது என்று உங்கள் வாயால் ஒரு தடவை சொல்லுங்கள். முன்சீட்டு எண்ணையும் "தேவைப்பட்டால் எழுதுவேன்" என்றீர்கள், தேவைப்படுகிறது.

#24 எண்ணேசாட்சி

30 மி.மீ. கூட. அவ்வளவுதான்.

#25 செந்தமிழ்ச்சக்கரம்

"கால் இடம்" என்று பின்சீட்டுவாசி எழுதுவதைக் கவனித்தேன். மகிழ்ச்சி. ஆனால் "கால்வெளி"தான் சரி.

#26 பின்சீட்டுவாசி

அம்மா கேள்விக்குப் பதில்?