ஒரு பெண்ணுக்காக வாக்குக் கேட்டுப் போனபோது: அமெரிக்கத் தேர்தல் அனுபவங்கள்

பென்சில்வேனியாவிலிருந்து

2024 ஜூலை 21 அன்று ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகி, கமலா ஹாரிஸ் அதிபர் வேட்பாளராக முன்னுக்கு வந்தபோது, தமிழகத்து உறவினர்கள் பலர் துளசேந்திரபுரம் கோயிலில் நடந்த வழிபாட்டுப் படங்களை எனக்கு அனுப்பினார்கள். அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊர் அது என்பதில் எனக்கும் மகிழ்ச்சி உண்டு. ஆனால் நான் அவருக்காக வீடு வீடாகச் சென்றதற்கு அது காரணமில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நாடு முழுவதும் செல்லுபடியாகி வந்த கருக்கலைப்பு உரிமையை 2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் அகற்றி, அதை ஒவ்வொரு மாநில அரசின் முடிவுக்கும் விட்டுவிட்டது. அதன் பிறகு நடந்த முதல் அதிபர் தேர்தலில், அந்த உரிமையைச் சுற்றிவளைக்காமல் பெயர் சொல்லிப் பேசிய வேட்பாளர் அவர்தான். பெண்ணியவாதியாக என் ஆதரவு அங்கிருந்துதான் தொடங்கியது.

கதவைத் தட்டும் தன்னார்வலருக்குக் கைப்பேசிச் செயலியில் ஒரு பட்டியல் தருவார்கள். எந்த வீட்டில் யாரிடம் பேச வேண்டும் என்பது அதில் இருக்கும். நான் சென்ற வீடுகளில் பல முறை பட்டியலில் பெண்ணின் பெயர் இருக்கும், கதவைத் திறப்பவர் கணவராக இருப்பார். ஒரு வீட்டில் அப்படித் திறந்தவர், கோபமே இல்லாமல், மிகவும் மரியாதையாக, "இந்த வீட்டில் நாங்கள் முடிவு செய்துவிட்டோம்" என்றார். அவருக்குப் பின்னால் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வாதம் செய்யக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம் என்பதால், "நன்றி, நான் உங்கள் மனைவியிடமும் ஒரு நிமிடம் பேசலாமா?" என்று மட்டும் கேட்டேன். அவர் ஒதுங்கி நின்றார். அந்தப் பெண்ணிடம் வாக்குச்சாவடி இருக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டு, உள்ளே சென்று குறிப்பதை யாரும் பார்க்க முடியாது என்பதையும் கணவரின் காதுபடவே சொன்னேன். அந்தத் தேர்தலில் பெண்கள் கழிவறைகளின் கதவுகளில் "உங்கள் வாக்கு இரகசியமானது" என்று சிறு சீட்டுகளைப் பலர் ஒட்டிவந்தார்கள். அரசியல் சட்டத்தின் 19ஆவது திருத்தம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது 1920இல். நூறாண்டுகள் கடந்த பின்னும் அந்தச் சீட்டுக்குத் தேவை இருந்தது என்பதை அந்த வீட்டு வாசலில் நான் நேரில் கண்டேன்.

நான் மிக அதிகமாகக் கேட்ட சொற்கள் எதிர்ப்பாளர்களுடையவை அல்ல. நன்கு படித்த, நம் ஊர்க்காரர் ஒருவர், மென்பொருள் துறையில் உயர்ந்த பொறுப்பில் இருப்பவர், தேநீர் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். "எனக்கு ஆட்சேபம் இல்லை, அம்மா. ஆனால் இந்த நாடு ஒரு பெண்ணை ஏற்றுக்கொள்ளாது" என்றார். வெறுப்பை வெளிப்படையாகக் காட்டுபவரிடம் பேசுவதைவிட இவரிடம் பேசுவது எனக்குக் கடினமாக இருந்தது, ஏனென்றால் தன் தயக்கத்தை முகம் தெரியாத அண்டை வீட்டாரின் தயக்கமாக அவர் மாற்றிவிடுகிறார். 2016இல் ஹிலாரி கிளிண்டன் டொனால்ட் டிரம்பைவிட 28 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைக் கூடுதலாகப் பெற்றார் என்பதையும், மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 80,000க்கும் குறைவான வாக்குகளில்தான் அதிபர் பதவி அவர் கையைவிட்டுப் போனது என்பதையும் அவருக்கு நினைவூட்டினேன். வாக்காளர்களில் அதிகமானோர் ஒரு பெண்ணை ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதிபரை முடிவு செய்யும், மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகளின் கணக்குதான் வேறாக முடிந்தது. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் மகள் கல்லூரியில் இதையேதான் சொல்கிறாள் என்றார்.

இன்னொரு பெண், குழந்தைப்பேற்றுக்காகச் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையில் இருந்தவர், என்னைவிடத் தெளிவாகப் பேசினார். உறைநிலையில் வைக்கப்பட்ட கருக்களும் சட்டப்படி குழந்தைகளே என்று அலபாமா உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தபோது, அங்கே சில மருத்துவமனைகள் சிகிச்சையையே நிறுத்திவைத்தன. அந்த வாரம் முழுவதும் தான் உறங்கவில்லை என்றார். பிறகு, "இவர் வந்தால் சட்டம் கொண்டுவந்துவிடுவாரா?" என்று நேராகக் கேட்டார். அதிபரால் மட்டும் ஆகாது, செனட்டில், பேசிப் பேசியே மசோதாவை முடக்க இடம் தரும் தடைப்பேச்சு விதியைத் தாண்ட 60 வாக்குகள் வேண்டும், இந்த ஓர் உரிமைக்காக அந்த விதியை விலக்கிவைக்கத் தயார் என்று ஹாரிஸ் சொல்லியிருக்கிறார், ஆனால் அதற்கும் செனட்டில் பெரும்பான்மை வேண்டும் என்று உள்ளபடியே சொன்னேன். பெண்ணிய ஆதரவு என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண்ணிடம் பொய் வாக்குறுதியைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இப்படி வாசலில் நின்று பேசிய மற்றவர்களும் தங்கள் அனுபவங்களை இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: வாக்குரிமை இல்லாத ஒருவர்

நான் அப்போது எச்-4 விசாவில், அதாவது கணவரின் வேலை விசாவைச் சார்ந்து, இருந்தேன். குடியுரிமை இல்லாதவர் வாக்களிக்க முடியாது. கிரீன் கார்டும் இல்லையென்றால் நன்கொடையும் கொடுக்க முடியாது. ஊதியம் வாங்காமல் தன்னார்வலராக உழைப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை என்று அறிந்த பிறகு, தொலைபேசிப் பிரசாரத்தில் சேர்ந்தேன். எங்களைப் போன்ற மனைவியரில் ஒரு பகுதியினர் வேலை செய்யலாம் என்ற விதி 2015இல்தான் வந்தது. அதை நீக்க டிரம்ப் நிர்வாகம் முற்பட்டபோது, 2018இல் நீக்கக் கூடாது என்று எழுதிய செனட்டர்களில் கமலா ஹாரிஸும் ஒருவர். பட்டப்படிப்பை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த காலம் என்னவென்று தெரிந்தவர்களுக்கு, அந்தக் கடிதம் எவ்வளவு பெரியது என்பது தெரியும்.

தமிழ்ப் பெயர்கள் உள்ள வாக்காளர்களை அழைக்கும் பொறுப்பு ஒரு மாலையில் எனக்குக் கிடைத்தது. ஜார்ஜியாவில் இருந்த ஒரு சகோதரி, நான் தமிழில் பேசியதும் மிகவும் மகிழ்ந்து, அஞ்சல் வாக்குச்சீட்டு வந்துவிட்டது என்றார். நிரப்பிவிட்டீர்களா என்று கேட்டேன். "அவரே ரெண்டு பேருக்கும் நிரப்பிடுவார், அக்கா. நான் கையெழுத்து மட்டும் போடுவேன்" என்றார். அதில் வருத்தமோ வெட்கமோ இல்லை. மின் கட்டணத்தைக் கணவர் கட்டிவிடுவார் என்று சொல்வதைப் போலவே சொன்னார்.

யாருக்கு வாக்களியுங்கள் என்று சொல்லவே அன்று எனக்கு மனம் வரவில்லை. குடியுரிமைத் தேர்வுக்கு எப்படிப் படித்தார் என்று கேட்டேன். நூறு கேள்விகளையும் மனப்பாடம் செய்து, பயந்துகொண்டே சென்று, முதல் முறையிலேயே தேர்ச்சி பெற்றதைப் பெருமையோடு விவரித்தார். "அவ்வளவு பாடுபட்டு வாங்கிய சீட்டை நீங்களே ஒரு முறை படித்துப் பாருங்கள், தங்கச்சி. நீங்கள் அவருக்குப் பிடித்தவரையே குறித்தாலும் பரவாயில்லை, உங்கள் கையால் குறியுங்கள்" என்றேன். எங்கள் அணியின் பொறுப்பாளர் இதைக் கேட்டிருந்தால் வேட்பாளரின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்றிருப்பார். ஆனால் ஒரு பெண் அதிபராக வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், ஒரு பெண் வாக்காளராக இருக்க வேண்டும் என்று கேட்பதுதான் முறை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

பதில்: 2016இல் ஓஹையோவில்

என் அனுபவம் முந்தைய தேர்தலைச் சேர்ந்தது. கிளிண்டனுக்காக முதியோர் குடியிருப்பு ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கே எண்பது வயதைக் கடந்த கறுப்பினப் பெண்மணி ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, என்னை உட்கார வைத்துத் தன் கதையைச் சொன்னார். 1974இல் கடன் வழங்கலில் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வரும்வரை, கணவரின் கையெழுத்து இல்லாமல் தனக்குக் கடன் அட்டை தர வங்கி மறுத்தது என்றார். அதற்கு முன்பே, 1972இல் ஷிர்லி சிஸம் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்றபோது, அவருக்காகத் துண்டறிக்கை கொடுத்திருக்கிறார். நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் சிஸம். கட்சி மாநாட்டில் அவருக்கு 152 வாக்குகள் கிடைத்தன.

"அப்போது என் வெள்ளைப் பெண்ணியத் தோழிகள் எல்லோரும் அவரை மனதார விரும்பினார்கள். வாக்கை மட்டும், வெல்லக்கூடியவர் என்று ஓர் ஆணுக்குக் கொடுத்தார்கள்" என்றார் அவர். கிளிண்டனுக்கு வாக்களிப்பீர்களா என்று கேட்டேன். ஈராக் போருக்கு 2002இல் கிளிண்டன் செனட்டில் ஆதரவாக வாக்களித்ததைத் தன்னால் மன்னிக்க முடியவில்லை என்றும், ஆனாலும் வாக்களிக்கப் போவதாகவும், வென்ற மறுநாளே அதைப் பற்றி அவருக்குக் கடிதம் எழுதப் போவதாகவும் சொன்னார். மேலே பென்சில்வேனியாத் தோழி எழுதிய மென்பொருள்காரரின் சொற்களைப் படித்தபோது இந்த அம்மையார்தான் என் நினைவுக்கு வந்தார். வெல்ல மாட்டார் என்று சொல்லிச் சொல்லியே ஒருவரைத் தோற்கடிக்க முடியும் என்பதை அவர் ஒரு வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறார்.

பதில்: மிச்சிகனிலிருந்து, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்

நான் கதவு தட்டப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதையும் இங்கே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

உலகின் முதல் பெண் பிரதமர் 1960இல் எங்கள் நாட்டில்தான் பதவியேற்றார். சிறிமாவோ பண்டாரநாயக்க அவர்களைப் பற்றிப் பிறநாட்டுப் பெண்ணியத் தோழிகள் பெருமையாகப் பேசும்போதெல்லாம், சிங்களம் மட்டும் சட்டத்தை 1961இல் நடைமுறைப்படுத்தியதும், எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவர்களிடம் கூடுதல் மதிப்பெண் கேட்ட தரப்படுத்தலைக் கொண்டுவந்ததும் அவருடைய அரசுகளே என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். 1994இல் சமாதானம் என்று சொல்லி வந்த அவருடைய மகள் சந்திரிகாவை என் தாயார் உட்பட எத்தனையோ தமிழ்ப் பெண்கள் நம்பினார்கள். மறு ஆண்டு ஜூலையில் நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீது விமானக் குண்டுகள் விழுந்தன. ஆகவே, பெண் என்பதற்காகவே ஒரு தலைவரை ஆதரிக்கும்படி யாராவது கேட்டால், எங்களுக்குள் ஏதோ ஒன்று இறுகிப் போகிறது.

2024 இலையுதிர்காலத்தில் ஒரு தன்னார்வலர், என் மகளின் வயதுடையவர், என் வாசலுக்கு வந்தார். காசாவைப் பற்றிக் கேட்டேன். முள்ளிவாய்க்காலில் 2009இல் மருத்துவமனைகள் மீது எறிகணைகள் விழுந்ததை உறவினர்களின் குரலில் கேட்டவள் நான் என்றும், அதே செய்தியை இப்போது தொலைக்காட்சியில் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். அந்தப் பிள்ளை எனக்கு விளக்கம் சொல்ல முயலவில்லை. எங்கள் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிப்ரவரி முதற்கட்டத் தேர்தலில், காசா விஷயத்தில் பைடனின் நிலையை எதிர்த்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் "யாருக்கும் உறுதியளிக்கவில்லை" என்று குறித்தார்கள் அல்லவா, தானும் அவர்களில் ஒருத்தி என்றார். ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த கட்சி மாநாட்டு மேடையில் ஒரு பாலஸ்தீன அமெரிக்கருக்குக்கூடப் பேச இடம் தராததைக் கண்டு அழுததாகவும், அதன் பிறகும் தான் கதவு தட்டுவது, கருக்கலைப்புத் தடை உள்ள மாநிலத்தில் வாழும் தன் அக்காவுக்காக என்றும் சொன்னார்.

நான் ஹாரிஸுக்கு வாக்களித்தேன். அந்தப் பிள்ளையின் நேர்மைக்காகவும், அவளுடைய அக்காவுக்காகவும் என்று சொல்வதுதான் உண்மை. ஆனால் வேறு முடிவெடுத்த தோழிகளைப் பெண்ணினத்துக்குத் துரோகம் செய்தவர்கள் என்று சிலர் எழுதியபோது, அதை நான் ஏற்கவில்லை. குண்டுக்கு அஞ்சி ஓடும் தாயும் பெண்தானே. அவளை மறக்காமல் ஒரு பெண் தலைவரை ஆதரிக்க முடியும் என்று அந்தப் பிள்ளை எனக்குக் காட்டினாள். மறந்துவிட்டு ஆதரிக்கச் சொன்னவர்களிடம் நான் இன்னும் பேசுவதில்லை.

மீண்டும் பென்சில்வேனியாவிலிருந்து

மிச்சிகன் அக்காவின் பதிலை இரண்டு முறை படித்தேன். காசாவைப் பற்றி என்னிடம் வாசலில் கேட்டவர்களுக்கு, கட்சி கொடுத்திருந்த பதிலையே திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த இளம்பெண் செய்ததைப் போலச் செய்வதற்குக் கூடுதலான துணிவு வேண்டும்.

இன்னொன்றை அறிய விரும்புகிறேன். நவம்பர் 5 அன்று அரிசோனாவிலும் மிசூரியிலும் வாக்காளர்கள் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்திலேயே சேர்க்க ஒப்புதல் அளித்தார்கள். அதே சீட்டில், அதே நாளில், இரண்டு மாநிலங்களிலும் டிரம்ப் வென்றார். அப்படியானால் உரிமைக்கு ஆம் என்றும் அதற்காகப் பேசிய பெண்ணுக்கு இல்லை என்றும் குறித்தவர்கள் கணிசமாக இருந்திருக்க வேண்டும், அவர்களில் பெண்களும் இருந்திருக்க வேண்டும். அவர்களோடு நேரில் பேசியவர்கள் இங்கே இருந்தால், அவர்கள் சொன்ன காரணங்களை, நமக்குப் பிடிக்காதவையாக இருந்தாலும், சொன்னபடியே எழுதுங்கள்.