11 கேவி லைன் ஓரம் டிப்பர் தூக்கலாமா?

ஜல்லிமேடு:
லேஅவுட் வேலை. ஜல்லி கொட்டும் இடத்தை ஒட்டி 11 கேவி (11,000 வோல்ட்) மின்கம்பி லைன் போகிறது, தரையிலிருந்து 6 மீட்டர் இருக்கும். டயர் ரப்பர்தானே, தூக்கிய டிப்பர் பெட்டி கம்பியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்கிறார் டிரைவர். சரியா?

ஏபி_சுவிட்ச்:
தப்பு. லாரி டயர் ரப்பரில் கார்பன் கலந்திருக்கும், உள்ளே எஃகுக் கம்பி வேறு. 11,000 வோல்ட்டை அது தடுக்காது. கேபினில் இருப்பவர் தப்புவது டயரால் இல்லை. அவரைச் சுற்றியுள்ள இரும்பு முழுக்க ஒரே வோல்டேஜில் இருப்பதால். மாட்டுவது கீழே நிற்கும் கிளீனர்: கை பின்கதவுக் கொக்கியில், கால் மண்ணில்.

பெட்டி முழுசாக நிமிர்ந்தால் 6 மீட்டரைத் தாண்டிவிடும். வெயிலில் கம்பி தொய்யும் என்பதால் காலையில் பார்த்த உயரம் மதியம் இருக்காது. உயரத்தை இரும்பு டேப், கழி வைத்து அளந்து பார்க்கவும் வேண்டாம்.

தார்ரோடு:
கொட்டும் இடத்தையே மாற்றுங்கள், அதுதான் மலிவு. கம்பிக்கு இருபுறமும் 6 மீட்டர் தள்ளித் தடுப்பு கட்டுங்கள். அதற்குள் பெட்டி தூக்கக் கூடாது, குவியலும் கூடாது. குவியல் மேல் வண்டி ஏறினால் உள்ள இடைவெளியும் போச்சு. லைனைக் கடக்க ஒரே பாதை, இரு பக்கமும் 4 மீட்டர் உயரத்தில் கலர் துணி கட்டிய பிவிசி குறுக்குக் கழி. கொட்டிவிட்டுப் பெட்டியை இறக்காமலே வண்டியை நகர்த்தும் பழக்கம் பல டிரைவர்களிடம் உண்டு. அந்தக் கழி முதலில் இடிபடும், கம்பி தப்பும்.

லைன் அடியில்தான் வேலை என்றால் ஈபி ஏஇ-யிடம் (மின்வாரிய உதவிப் பொறியாளர்) எழுதிக் கொடுத்து லைன் கிளியர், அதாவது சப்ளையை நிறுத்தி வேலை செய்யும் அனுமதி, வாங்குங்கள். சுவிட்சைத் திறந்து சப்ளையைத் துண்டித்தால் மட்டும் போதாது; யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரிலிருந்து ரிட்டர்ன் சப்ளை வரலாம். லைன்மேன் எர்த் ராடு (கம்பியைத் தரையோடு இணைக்கும் கழி) மாட்டிய பிறகே வண்டியை விடுங்கள்.

ஜல்லிமேடு:
மீறிப் பட்டுவிட்டால்?

ஏபி_சுவிட்ச்:
டிரைவர் இறங்கவே கூடாது. கீழே உள்ளவர்களை 10 மீட்டர் தள்ளிப் போகச் சொல்லிக் கத்தணும். கம்பி சிக்கவில்லை என்றால் பெட்டியை இறக்கலாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குப் போன் போடுங்கள்.

தீப்பிடித்தால் மட்டும் வெளியே வரணும். படியில் கால் வைத்து இறங்காமல், இரண்டு காலையும் சேர்த்து, வண்டியைத் தொடாமல் குதிக்கணும். பிறகு பாதங்களை ஒட்டினாற்போல இழுத்து இழுத்து நகரணும். எட்டி நடந்தால் இரண்டு காலுக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் வந்துவிடும்.

பொறி அடங்கியதும் லைன் செத்துவிட்டது என்று நினைப்பார்கள். காய்ந்த மண்ணில் கரண்ட் குறைவாக ஓடி, லைன் ட்ரிப் ஆகாமலே (தானாகத் துண்டிக்கப்படாமலே) இருக்கலாம். ட்ரிப் ஆனாலும் சப்ஸ்டேஷனில் மறுபடி சப்ளை கொடுத்துப் பார்ப்பார்கள். ஈபி ஆள் வந்து எர்த் போட்டாயிற்று என்று சொல்லும்வரை டிரைவர் உள்ளேயே இருக்கட்டும்.