உங்களை நகர விடாமல் நிறுத்திய கலைப்படைப்பு எது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஜோபர்க் கும்பகோணத்தாள்:

ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குள் யாரும் போய் ஓவியங்களைப் பார்க்கலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் டர்பன் சாட்ஸ்வர்த்தில் பிறந்தவர். ஒருநாள் இருவரும் போனோம்.

ஓவியர் ஜூடித் மேசன் செய்த நீல உடை அங்கே தொங்கியது. தூரத்தில் விசேஷத்துக்குப் போடும் கவுன் போல இருந்தது. கிட்டே போனால் முழுக்கப் பிளாஸ்டிக் பை. பாவாடையின் கீழ்ப்பகுதியில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறது. "சகோதரி" என்றுதான் அது தொடங்குகிறது.

அந்தச் சகோதரி பிலா இன்ட்வாண்ட்வே, நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப்படையில் இருந்த இளம்பெண். 1988-இல் பக்கத்து நாடான சுவாசிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்கப் பாதுகாப்புப் போலீசார் அவரைக் கடத்திவந்து, துணியில்லாமல் அடைத்து வைத்து, தோழர்களைக் காட்டிக்கொடுக்கச் சொன்னார்கள். அவர் வாய் திறக்கவில்லை. சுட்டுப் புதைத்துவிட்டார்கள். நிறவெறிக்காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணையத்தின் முயற்சியால், 1997-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துப் பண்ணையொன்றில் தோண்டினார்கள். எலும்புகளோடு, இடுப்புப் பக்கம் ஒரு நீலப் பிளாஸ்டிக் பை கிடைத்தது. மானத்தை மறைக்க அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். வானொலியில் இதைக் கேட்ட மேசன் பைகளைச் சேர்த்து அவருக்கு ஓர் உடை செய்தார்.

ரத்தம், துப்பாக்கி, போலீஸ்காரன் முகம் எதுவும் அந்த உடையில் இல்லை. ஆனாலும் எனக்குக் கால் நகரவில்லை. அக்கா ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். பிறகு தன் ஆயா பேசிய தமிழில் மெதுவாகச் சொன்னார்: "திரௌபதிக்கு சாமி சேலை குடுத்தாரு. இந்தப் புள்ளைக்கு ஆருமே குடுக்கலியே."

அங்கிருந்து பிராம்ஃபோன்டைன் கல்லறைக்குப் போனோம், கிட்டத்தில்தான். தில்லையாடி வள்ளியம்மை அங்கே இருக்கிறாள். காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து அதே மாரிட்ஸ்பர்க் ஊர்ச் சிறையில் காய்ச்சலோடு கிடந்தவள். வெளியே வந்த சில நாளில், 1914 பிப்ரவரி 22-இல், பதினாறு வயதில் போய்விட்டாள். அக்கா வாங்கி வந்த சாமந்தியில் பாதியை அங்கே வைத்தோம். மீதியை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்கே கொண்டுவந்தோம்.

டர்பன் தம்பி:

படிச்சு முடிச்சதும் எங்க அப்பாவோட அரிசி மூட்டைதான் ஞாபகம் வந்தது அக்கா. நிறவெறி அரசு தடை செஞ்ச போஸ்டர் ஒண்ணை அதுக்கு அடியில மடிச்சு வெச்சிருந்தார். பக்கத்து நாடான போட்ஸ்வானாவுல இருந்த 'மெடு'ங்கிற கலைக்குழு அச்சடிச்சதுன்னு பின்னாடிதான் தெரியும். துணித்திரை வழியா மை தேய்ச்சு அச்சடிச்சு, எல்லை தாண்டி ரகசியமா அனுப்புவாங்க. ரெண்டு மூணு நிறம், பெரிய எழுத்து, அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியணுமே. தென்னாப்பிரிக்கப் படை 1985 ஜூன் 14-ல போட்ஸ்வானா தலைநகர் கபரோனிக்குள்ள புகுந்து 12 பேரைக் கொன்னுச்சு. குழுவுல இருந்த ஓவியர் தாமி இம்ன்யேலேயும் அதுல ஒருத்தர். படம் வரையறவரைக் கொல்ல எல்லை தாண்டி ஒரு ராணுவம் வந்திருக்கு, யோசிச்சுப் பாருங்க.

பீனிக்ஸ் அம்மா:

என் மகளுக்குப் பதின்மூணு வயசு. நீல உடையைப் பார்க்கக் கூட்டிப் போகலாமாம்மா?

ஜோபர்க் கும்பகோணத்தாள்:

கூட்டிப் போங்கள் அம்மா. கதையை முதலில் சொல்ல வேண்டாம். அது பை என்று அவளே கண்டுபிடிக்கட்டும். ஏன் என்று கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கச் சொல்லுங்கள்.