கூடலூர்ப் பழங்குடிக் குழந்தைகளுக்கான மருந்து: வழி தெரிந்தவர்கள் உதவவும்

அனைவருக்கும் வணக்கம். இந்தியாவில் சிக்கிள் செல் இரத்தசோகை (இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோய்) முதன்முதலாக 1952இல் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். இந்நோயோடு பிறக்கும் குழந்தையை ஐந்து வயது வரை கொண்டுசேர்க்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. நாள்தோறும் இருவேளை பென்சிலின், நிமோனியாத் தடுப்பூசி, விலாவுக்குக் கீழே இடப்பக்கம் மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தாயே விரல் வைத்துப் பார்க்கும் பழக்கம் ஆகியவை பல உயிர்களைக் காக்கும்.

எங்களுக்குச் சிக்கலாக இருப்பது, இந்நோயின் கடும் வலியைக் குறைக்க நாள்தோறும் கொடுக்கும் ஹைட்ராக்சியூரியா என்ற மருந்து. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லிகிராம் போதும் என்றிருக்க, கைக்குக் கிடைப்பதோ 500 மில்லிகிராம் காப்ஸ்யூல். அதைப் பிரித்து அளந்து கொடுக்கும்படி தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகும் தாயிடம் சொல்வது பாதுகாப்பானதன்று. குழந்தைகளுக்கேற்ற சிறு மாத்திரையோ சிரப்போ தடையின்றிக் கிடைக்கும் இடம் அறிந்த மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். மண்ணீரலைப் பார்க்கும் முறையைப் இங்குள்ள பணியர் பழங்குடியினரின் மொழியில் பேசிப் பதிவுசெய்து தரக்கூடியவர்கள் இருந்தால் அவர்களையும் தேடுகிறோம்.