மேகாலயா சார்ட் போட்ட அனுபவம், உங்கள் வகுப்பில் எப்படி?

விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். மாநிலம் பற்றிச் செயல்திட்டம் என்றாலே பிள்ளைகள் கடைக்கு ஓடி, படத்தாள் வாங்கி வெட்டி ஒட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள், அதில் தலைநகர், மொழி, நடனம் எல்லாம் இருக்கும், பிள்ளை மனதில் ஒன்றும் இருக்காது. இந்த முறை கடைப்படம் கூடாது என்று சொல்லிவிட்டேன். 1972 ஜனவரி 21 அன்று அஸ்ஸாமிலிருந்து பிரிந்து தனி மாநிலமான மேகாலயாவை எடுத்தோம்.

அங்கே மௌசின்ராம் என்ற ஊரில் வருஷத்துக்குச் சுமார் 11,800 மி.மீ. மழை. இந்த எண்ணைச் சொன்னால் யாருக்கு என்ன புரியும்? 100 மி.மீ.க்கு ஒரு செ.மீ. என்று நீலத்தாளைக் கத்தரித்தோம். எங்கள் ஊர் மழை ஆறேழு செ.மீ., சுண்டுவிரல் அளவு. அவர்கள் மழை 118 செ.மீ. வந்து, சார்ட்டைத் தாண்டித் தரையில் கிடந்தது. வகுப்பே கத்தியது. அப்புறம் அங்கே மழையில் வயல்வேலை செய்பவர்கள் முதுகில் கவிழ்த்துக்கொள்ளும் மூங்கில் கூடையை வரையச் சொன்னேன், "எங்க தாத்தா சாக்குல போடுற கொங்காணி மாதிரி இருக்கு மிஸ்" என்றாள் ஒருத்தி. அதற்குப் பிறகு நான் விளக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பையன் கேட்டதற்குத்தான் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை: "அவ்வளவு தண்ணியும் எங்க போகும் மிஸ்?"

*

டீச்சர், நான் விமானப்படையில் இருந்தபோது ஷில்லாங்கில் வேலை பார்த்தேன். பையன் கேட்டது சரியான கேள்வி. செங்குத்தான மலை, அடியில் சுண்ணாம்புப் பாறை, மேல்மண்ணும் கொஞ்சம்தான். பெய்த தண்ணீர் நிற்காமல் தெற்கே பங்களாதேஷ் சமவெளிக்கு ஓடிவிடும். சிரபுஞ்சிக்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் சோரா. மழை ஓய்ந்த குளிர்காலத்தில் அங்கே பெண்கள் குடிதண்ணீருக்காக ஊற்றைத் தேடி நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். இதையும் கட்டாயம் வரையச் சொல்லுங்கள்.

*

நான் கோவையில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். நாங்களும் மேகாலயாதான், வேர்ப்பாலம் வரைந்தோம். ஆல இனத்து ரப்பர் மரத்தின் வேரை ஓடைக்கு அக்கரை வரை வளைத்து வளர்க்கிறார்கள், ஆள் நடக்கிற அளவுக்கு உறுதிப்படப் பத்துப் பதினைந்து வருஷமாவது ஆகும். முதல் நாள் ஒரு வேர், மறுநாள் இன்னொன்று என்று வாரம் முழுக்க வரையவிட்டேன், பொறுமையாகத்தான் செய்தார்கள். காசி இன மக்களிடம் (வாரணாசிக் காசி இல்லை) பிள்ளைகளுக்குத் தாயின் குலப்பெயர்தான், பூர்வீகச் சொத்தில் பெரும்பங்கு கடைசி மகளுக்கு. அதனால் படத்துக்குக் கீழே எல்லாரும் அம்மா இனிஷியல் போட்டுக் கையெழுத்திட்டார்கள். ஒரு பையன் வீட்டுக்குப் போய், அம்மாவிடம் நோட்டு அட்டையிலும் அப்படியே எழுதித் தரச் சொல்லியிருக்கிறான்.

*

சார், நீங்கள் எழுதியதை இன்று வகுப்பில் வாசித்தேன். கேள்வி கேட்ட பையன் எழுந்து போய், நீலத்தாள் முடிகிற இடத்தில் ஒரு வெறுங்குடம் வரைந்தான். பக்கத்திலேயே, நாங்கள் தண்ணீர் லாரிக்கு வரிசையில் வைக்கிற குடங்களையும் வரைந்துவிட்டார்கள்.