தெக்கோங் சார்ஜண்டுக்கு நன்றிக் கடிதம் எழுதலாமா, வேண்டாமா?

மூன்றாம்_செக்‌ஷன்:
எல்லாருக்கும் வணக்கம். போன மாதம்தான் சிங்கப்பூர் ராணுவத்தின் அடிப்படைப் பயிற்சி முடிந்து தெக்கோங் தீவிலிருந்து வெளியே வந்தேன். என் செக்‌ஷன் கமாண்டரைப் பற்றி, அதாவது எங்கள் சிறு குழுவை நடத்திய சார்ஜண்டைப் பற்றி, அவருடைய மேலதிகாரியான கம்பெனி கமாண்டருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதலாம் என்று இருக்கிறேன். சார்ஜண்ட் மலாய்க்காரர், என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர், அவரும் என்னைப்போல் கட்டாயத் தேசிய சேவையில் இருப்பவர்தான். பங்க்கில், அதாவது படுக்கையறையில், கூட இருந்தவனிடம் சொன்னேன். "வயாங் போடாதே, சும்மா நடிக்காதே, அவர் வேலையைத்தானே செய்தார்" என்று சிரித்துவிட்டான்.

ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். காட்டில் தங்கிப் பயிற்சி செய்யும் ஃபீல்ட் கேம்ப்பில் வீட்டுக் கடிதம் கொடுப்பார்கள், தெரிந்திருக்கும். மற்ற பையன்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம். எங்கள் அம்மா தமிழில் மூன்று பக்கம் எழுதியிருந்தார். நான் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். நேரம் முடிந்தபோது முதல் பக்கத்தையே தாண்டவில்லை. சார்ஜண்ட் பார்த்தார். மற்றவர்களை ஷெல்ஸ்கிரேப், அதாவது படுத்து மறையும் குழி, தோண்டக் கூட்டிக்கொண்டு போனார். என்னிடம், "நீ முடித்துவிட்டு வா, உன் மண்வெட்டி அங்கேதான் இருக்கும்" என்றார். அவ்வளவுதான். கடிதத்தில் என்ன இருந்தது என்று கடைசிவரை கேட்கவே இல்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய_எம்16:
தம்பி, மனசு நல்ல மனசு. ஆனால் எனக்கு உடன்பாடில்லை. நான் எண்பதுகளில் சேவை செய்தவன். எங்கள் என்சிக் (வாரண்ட் அதிகாரி) தூரத்தில் வருவது தெரிந்தாலே பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். துப்பாக்கி சுத்தம் செய்து கொண்டுபோய்க் காட்டினால், வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுப்பார். துளி கறுப்பு இருந்தாலும் மறுபடி முதலிலிருந்து. அன்றைக்கு அவரைத் திட்டாத நாள் கிடையாது. இன்றைக்கு என் பட்டறையில் ஒரு ஸ்பேனர் இடம் மாறியிருந்தாலும் கண்ணில் படுகிறதே, அது அவர் போட்ட பிச்சை.

கனிவாக இருப்பதற்கு வீட்டில் ஆள் இருக்கிறார்கள். 2011இல் ஒரு படம் ஊரெல்லாம் சுற்றியதே, ராணுவப் பையன் முன்னால் வெறுங்கையோடு நடக்கிறான், பின்னால் பணிப்பெண் அவன் பையைச் சுமந்துகொண்டு வருகிறார். அப்படிப்பட்ட தலைமுறைக்கு இன்னும் இளக்கமான சார்ஜண்டா? நீ பாராட்டி எழுதினால் அடுத்த பேட்சுக்கு அவர் இன்னும் இளகிப் போவார்.

தெம்பனீஸ்_அம்மா:
அந்த ஒரு படத்தை வைத்து இன்னும் எத்தனை வருஷம் பையன்களைக் கிண்டல் செய்வீர்கள் அண்ணே?

மகன் சேர்ந்த அன்று பெற்றோர்களும் கூடப் படகில் போனோம். படுக்கையைக் காட்டினார்கள், சமையற்கூடத்தில் பிள்ளைகளோடு சாப்பிட்டோம். திரும்பும் படகில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யாரிடம் விட்டுவிட்டுப் போகிறோம் என்பதே தெரியாது. அப்படி இருக்கும்போது, நம் பிள்ளை அம்மா கடிதத்தைப் படித்து முடிக்கட்டும் என்று விட்ட ஒருவருக்கு நன்றி சொல்ல இவ்வளவு யோசனையா? தம்பி, எழுதுப்பா. தீபாவளி சமயமாக இருந்தால் ஒரு டின் முறுக்கும் கொடுத்தனுப்பச் சொல்லுவேன்.

கடமைதான்:
முறுக்கு வேண்டாம் அக்கா. அரசாங்க வேலையில் இருப்பவர் வேலை தொடர்பாகப் பரிசு வாங்கினால் அவருக்குத்தான் தலைவலி.

கடிதமும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி, ஆனால் பழைய_எம்16 சொல்லும் காரணத்துக்காக இல்லை. ஒரு ரெக்ரூட்டை, அதாவது புதிதாகச் சேர்ந்தவனை, மனிதனாக நடத்துவது விதி. ரெக்ரூட்டின் நான்கு இலக்க எண்ணைக் கத்திக் கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, அவமானப்படுத்தாமல் இருப்பது, கடிதம் படிக்க விடுவது. இதெல்லாம் தனிச் சலுகையா? இதற்கு நன்றி சொன்னால், கண்டபடி டெக்கான், அதாவது தண்டனைப் பயிற்சி, கொடுப்பவர்தான் சாதாரண சார்ஜண்ட் என்று நாமே ஒப்புக்கொள்வதாக ஆகிவிடும். சம்பளம் சரியாக வந்தால் முதலாளிக்குக் கும்பிடு போடுவோமா?

பழைய_எம்16:
முதலாளிக்குப் போடமாட்டோம், சரி. ஆனால் உன் கணக்கில் நானும் நன்றி சொல்லக்கூடாது, இவனும் சொல்லக்கூடாது. அப்புறம் யார்தான் யாருக்குச் சொல்வது?

முன்னாள்_3எஸ்ஜி:
நான் தெக்கோங்கில் செக்‌ஷன் கமாண்டராக இருந்தவன், இப்போது சேவை முடித்து, கூப்பிட்டால் மட்டும் போகும் ரிசர்விஸ்ட். இதில் கொஞ்சம் உள்விவகாரம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய_எம்16 அங்கிளுக்கு. வாட்டர் பரேட் ஞாபகம் இருக்கும். எல்லாரும் வரிசையில் நின்று தண்ணீர் குடிக்க வேண்டும், குடித்ததும் காலி பாட்டிலைத் தலைக்கு மேல் கவிழ்த்துக் காட்ட வேண்டும். சொட்டு விழுந்தால் மாட்டினான். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் நான் பாட்டிலைப் பார்க்கமாட்டேன், முகத்தைப் பார்ப்பேன். பயந்த பையன் தண்ணீரைக் குடித்துவிடுவான், காய்ச்சல் இருப்பதைத்தான் சொல்லமாட்டான். "நடிக்கிறான்" என்று பேர் வந்துவிடும் என்ற பயம். 2018இல் எட்டுக் கிலோமீட்டர் வேகநடை முடித்த தேசிய சேவையாளர் ஒருவர் வெப்பத் தாக்கத்தில் இறந்துபோனார். அப்புறம் 2019இல் பாதுகாப்பைக் கவனிக்கவே ஆயுதப் படையில் தலைமை ஆய்வாளர் அலுவலகம் அமைத்தார்கள். வெப்ப அளவுக்கு ஏற்ற ஓய்வு நேரம், உடல் வெப்பத்தைக் குறித்துவைப்பது எல்லாம் இருக்கிறது. ஆனால் "சார்ஜண்ட், தலை சுத்துது" என்று பையன் தானாக வாய் திறந்தால்தான் பாதி விஷயம் தெரியவரும். முறைக்கிற முகத்திடம் அவன் வாய் திறக்கமாட்டான்.

பழைய_எம்16:
அது ஒப்புக்கொள்கிறேன். எங்கள் காலத்திலும் மறைத்தவர்கள் உண்டு. ஆனால் கையெறிகுண்டுத் தளத்தில் என்ன செய்வாய்? அங்கேயும் தாலாட்டா?

முன்னாள்_3எஸ்ஜி:
அங்கேதான் அங்கிள், குரலைத் தாழ்த்தவே வேண்டும். சுவருக்குள் நானும் ரெக்ரூட்டும் மட்டும். குண்டு கை நழுவி விழுந்தால் அவனை இழுத்து மறைவுக்குத் தள்ள வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் கமாண்டர்தான். பையனின் கட்டைவிரல் நடுங்குவது கண்ணுக்குத் தெரியும். அப்போது கத்தினால் அந்த நடுக்கம் இரண்டு மடங்காகும். "இறுக்கிப் பிடி. மூச்சு விடு. இப்போ பின்னை இழு." ஒரு வேலை முடிந்த பிறகுதான் அடுத்த சொல். சொன்னபடி செய்யாதவனை நான் விட்டதில்லை. துப்பாக்கியை மண்ணில் வைத்தவனைப் புஷ்அப் எடுக்க வைத்திருக்கிறேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேதான்.

இனி கடமைதானுக்கு. நீங்கள் சொல்வது காகிதத்தில் சரி. ஆனால் அந்த சார்ஜண்டும் இருபது வயசுப் பையன். பாசிர் லாபா முகாமில் ஸ்பெஷலிஸ்ட் கேடட் பயிற்சி, அதாவது சார்ஜண்ட் ஆவதற்கான பயிற்சி, முடித்த கையோடு ஒரு செக்‌ஷனையே தலையில் கட்டிவிடுவார்கள். ரெக்ரூட் தூங்கிய பிறகும் சார்ஜண்டுக்கு அடுத்த நாள் வேலை இருக்கும். மேலதிகாரிக்கும் கீழே உள்ளவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தூக்கம் கெட்டு, எரிச்சலோடு இருக்கிற அந்த நேரத்தில் விதியை மட்டும் பிடித்துக்கொண்டு கத்துவதுதான் சுலபம். இவர் சுலபமானதைச் செய்யவில்லை.

கடமைதான்:
சரி. இருந்தாலும் என் பயம் போகவில்லை. எனக்குக் கிடைத்தவர் வேறு மாதிரி. எந்தப் பிரிவு என்று சொல்லமாட்டேன். நான் ஒன்றும் எழுதவில்லை, புகாரும் கொடுக்கவில்லை. நல்லவருக்கு மட்டும் கடிதம் போனால் மற்றவர் கோப்பு காலியாக, சுத்தமாக இருக்கும். அது நியாயமா?

தெம்பனீஸ்_அம்மா:
இல்லைதான் தம்பி. ஆனால் உங்களுக்கு நடந்ததற்கு இந்தப் பையனின் சார்ஜண்ட் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

முன்னாள்_3எஸ்ஜி:
இனி மூன்றாம்_செக்‌ஷனுக்கு. தம்பி, எழுது. ஆனால் "கனிவானவர்" என்ற வார்த்தையை மட்டும் போடாதே. மேலே இருப்பவர்கள் அதைப் படித்தால் "இளகியவர், கட்டுப்படுத்தத் தெரியாதவர்" என்று எடுத்துக்கொள்ளக்கூடும். இங்கேயே அங்கிள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார் பார். அவர் என்ன செய்தார் என்று எழுது. எந்த வாரம், எந்தப் பயிற்சி, அதனால் செக்‌ஷனில் என்ன மாறியது. 24 கிலோமீட்டர் நடையில் உங்களில் யாராவது விழவிருந்து அவர் கவனித்திருந்தால் அதை முதலில் எழுது.

மூன்றாம்_செக்‌ஷன்:
இருக்கிறது அண்ணா. ஒருத்தனுக்குக் குதிகாலில் கொப்புளம் உடைந்து சாக்ஸ் ஒட்டிக்கொண்டது. ஓய்வு நேரத்தில் சார்ஜண்ட் தரையில் உட்கார்ந்து, தண்ணீர் ஊற்றி ஊற்றி, சாக்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்தார். பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, "இன்னும் இரண்டு ஓய்வு இருக்கு, ரெண்டிலும் என்னிடம் காட்டு" என்றார். அவன் நடையை முடித்துவிட்டான்.

பழைய_எம்16:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா! இது கனிவு இல்லை தம்பி, இதற்குப் பேர் ஆளைக் கவனிப்பது. எங்கள் என்சிக்கும் எங்கள் காலைப் பார்த்திருக்கிறார், திட்டிக்கொண்டே. இதை எழுது. நான் தடுக்கவில்லை.

கடமைதான்:
நானும் தடுக்கவில்லை. ஆனால் கம்பெனி கமாண்டருக்கு மட்டும் அனுப்பாதே, சார்ஜண்டுக்கும் ஒரு நகல் கொடு. மேலே போன காகிதம் கீழே வருமா என்று எனக்குச் சந்தேகம்.

முன்னாள்_3எஸ்ஜி:
கீழே வரும், சில சமயம் மெதுவாக. அவருக்கு ஓஆர்டி, அதாவது சேவை முடியும் நாள், எப்போது என்று கேட்டுவை தம்பி. அடுத்த மாதமே முடிகிறதென்றால், நீ வார்த்தை தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். இந்த வாரமே அனுப்பிவிடு. ரேங்க்கைச் சரியாக எழுது.